எலிசபெத் காலத்து ஓவியத்தை உடையை வைத்துப் படிப்பது எப்படி

16-ஆம் நூற்றாண்டு ஆங்கில உருவப்படம் ஒன்றின் முன்னால் நிற்கும்போது, அல்லது அதைத் திரையில் திறக்கும்போது, முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். ட்யூடர் அரச வம்சம் ஆண்ட அந்தக் காலத்து இங்கிலாந்தில் பணம் கொடுத்துத் தங்களை வரையச் சொன்னவர்கள் ஊருக்குக் காட்ட நினைத்தது பெரும்பாலும் தாங்கள் உடுத்தியிருந்ததைத்தான். முதலாம் எலிசபெத்தின் படங்கள் பலவற்றில் முகம்கூட நேரில் பார்த்து வரைந்ததல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு முகமாதிரியை ஓவியர்கள் திரும்பத் திரும்ப நகலெடுத்தார்கள், படத்துக்குப் படம் மாறியது உடைதான். அந்த உடைகள் என்ன விலை விற்றன என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். எட்வர்ட் அல்லீன் என்ற புகழ்பெற்ற லண்டன் நடிகரின் குறிப்பில், தங்க வெள்ளி இழையில் பூவேலை செய்த ஒரு கறுப்பு வெல்வெட் மேலங்கியின் விலை 20 பவுண்டுக்கு மேல். அதே நாடக உலகில் ஒரு புது நாடகம் எழுதிக் கொடுத்தவருக்குக் கிடைத்தது சுமார் 6 பவுண்டு. மூன்று நாடகத்தின் கூலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட உடையைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு நகர்வது அநியாயம்.

கொஞ்சம் பழகிவிட்டால், 1530-லிருந்து 1615 வரை வரைந்த ஒரு படத்தைப் பார்த்ததும் அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் அரச குடும்பத்துத் தொகுப்பான ராயல் கலெக்‌ஷன், ஆர்ட் யூகே ஆகியவற்றின் தளங்களில் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய திரையில் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பேசியில் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது.

முதலில் கழுத்து

காலத்தைச் சொல்வதில் கழுத்தைப் போல உதவும் இடம் வேறு இல்லை. ரஃப் என்று சொல்லும் அந்த மடிப்பு மடிப்பான வெள்ளைக் கழுத்துப்பட்டையை எல்லோரும் பார்த்திருப்போம், ஆனால் அது ஒரே நாளில் அந்த அளவுக்கு வளரவில்லை. 1540-களில் அது உள்சட்டையின் கழுத்து விளிம்பில் சுருக்கிவிட்ட ஒரு சின்ன ஓரம், அவ்வளவுதான். 1560-களில் தனியாகக் கழற்றி மாட்டும் பொருளாகி, உயரமான காலரின் மேல் தாடையை ஒட்டி உட்கார்ந்தது. 1570-களில் அகலமானது. 1580-களில் வண்டிச் சக்கரம் போல விரிந்து, கீழே கம்பித் தாங்கி இல்லாமல் நிற்க முடியாத அளவுக்குப் போனது. 1590-களில் பெண்கள் பலர் அதை முன்பக்கம் திறந்துவிட்டு, தலைக்குப் பின்னால் விசிறி விரித்தது போல லேஸ் காலராக நிறுத்தினார்கள். 1600-க்கு அப்புறம் தட்டையாக நிற்கும் காலரும், பிறகு தோளில் விழும் காலரும் வந்துவிட்டன. இந்த வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ரஃப் இப்படி வளர்ந்ததற்குக் காரணம் கஞ்சி. ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண் 1564-இல் லண்டனில் குடியேறி, கஞ்சி போடும் வித்தையைக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார் என்று வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. கஞ்சி போடக் கற்றுக்கொள்ள 4, 5 பவுண்டு, கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொள்ளத் தனியாக 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. மெல்லிய லினன் துணியில் பல மீட்டர் நீளத்தை மடித்துத் தைத்து, துவைத்து, கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, மறுபடி லேசாக ஈரமாக்கி, சூடாக்கிய கம்பியை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விட்டு வடிவம் கொண்டுவர வேண்டும். இந்த எஃகுக் கம்பிகள் 1570-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதனால்தான் அதற்கு அப்புறம் வந்த படங்களில் மடிப்புகள் 8 என்ற எண்ணின் வடிவில் அத்தனை ஒழுங்காக நிற்கின்றன.

இத்தனை பாடுபட்டும் ஒரு மழை வந்தால் போயிற்று. ஃபிலிப் ஸ்டப்ஸ் என்பவர் 1583-இல் அந்தக் காலத்து நாகரிகத்தைக் கண்டித்து எழுதிய நூலில், காற்றிலும் மழையிலும் ரஃப் கந்தல் போலத் தொங்குவதைச் சொல்லித் திட்டுகிறார், கஞ்சியைப் பிசாசின் திரவம் என்கிறார். திட்டுகிற வேகத்தில் உடைகளை அவர் அவ்வளவு விவரமாக எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு ஆய்வாளர்கள் அவரை விடாமல் படிக்கிறார்கள். கஞ்சிக்குக் கோதுமை செலவானது வேறு ஒரு பிரச்சினை. 1590-களின் தட்டுப்பாட்டுக் காலத்தில், சாப்பிட வேண்டிய தானியம் கழுத்துப்பட்டைக்குப் போகிறதே என்று அரசே கவலைப்பட்டது. தானியத்துக்குப் பதிலாக ஒரு காட்டுச் செடியின் கிழங்கிலிருந்தும் கஞ்சி எடுத்தார்கள். அது சுத்தமான வெள்ளைக் கஞ்சிதான், ஆனால் துவைக்கும் பெண்களின் கையை வெடிக்க வைத்துக் கொப்புளமாக்கிவிடும் என்று ஜான் ஜெரார்டின் 1597-ஆம் ஆண்டு மூலிகை நூல் சொல்கிறது. படத்தில் பளிச்சென்று ஒரு ரஃப் தெரிந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள். மேலே போட்ட வெல்வெட்டையும் சாட்டினையும் யாரும் துவைப்பதில்லை, துவைக்கவும் முடியாது. உடம்பை ஒட்டிய வெள்ளை லினன்தான் துவைத்து மாற்றுவது. கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது என்றால், என் வீட்டில் துவைத்துக் கஞ்சி போட ஆள் இருக்கிறார்கள் என்று படத்தில் இருப்பவர் சொல்கிறார்.

ரஃப் வருவதற்கு முந்தைய படமானால் பெண்களின் தலையைப் பாருங்கள். எட்டாம் ஹென்றி காலத்தில் இரண்டு முக்கியமான தலையணிகள் இருந்தன. வீட்டுக் கூரையின் முகப்பு போல நெற்றிக்கு மேலே கூராக நிற்பது கேபிள் ஹூட். வளைவாக, பின்னால் தள்ளி, முன்முடி கொஞ்சம் தெரியும்படி இருப்பது பிரெஞ்சு ஹூட். ஹான்ஸ் ஹோல்பைன் 1536-37 வாக்கில் வரைந்த, ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரின் படம் வியன்னாவில் இருக்கிறது, கேபிள் ஹூட்டைப் படிக்க அதைவிட நல்ல படம் கிடையாது. அதில் சதுரமான கழுத்து வெட்டையும், மடித்துவிட்ட அகலமான மேல் சட்டைக்கையையும், உள் சட்டைக்கையின் முனையில் இருக்கும் கறுப்பு நூல் பூவேலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை லினனில் கறுப்புப் பட்டு நூலால் போடும் அந்த வேலைப்பாடு அந்த நூற்றாண்டு முழுக்கவே இங்கிலாந்தில் பிரியமாக இருந்தது.

அப்புறம் பாவாடையின் வடிவம்

கூம்பா, சக்கரமா? இந்த ஒரு கேள்வி போதும். 1540-களிலிருந்து பாவாடைக்கு அடியில் வளையம் வைத்துத் தைத்த ஃபார்திங்கேல் என்ற உள்பாவாடை இங்கிலாந்தில் பரவியது. ஸ்பெயினிலிருந்து வந்த வடிவம் அது. இடுப்பிலிருந்து தரை வரை மடிப்பே இல்லாத முக்கோணமாக விழும். ராயல் கலெக்‌ஷனில் இருக்கும், 1546 வாக்கில் வரைந்த இளவரசி எலிசபெத்தின் சிவப்பு உடைப் படத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மேல் பாவாடை முன்னால் பிளந்து, உள்ளே வேறு துணியில் ஒரு முக்கோணம் தெரியும். விலை உயர்ந்த துணியை அந்த முக்கோணத்துக்கு மட்டும் வைத்து, மறைவாக இருக்கும் பகுதிக்குச் சாதாரணத் துணி கொடுப்பது வழக்கம்.

1590-களுக்கு வந்தால் கூம்பு காணாமல் போய், இடுப்பில் ஒரு சக்கரத்தைப் படுக்க வைத்து அதன் விளிம்பிலிருந்து துணி நேராகக் கீழே விழுவது போன்ற வடிவம். 1592 வாக்கில் மார்கஸ் கீரார்ட்ஸ் இளையவர் வரைந்த டிச்லி படத்தைத் திறந்து பாருங்கள். எலிசபெத் இங்கிலாந்து வரைபடத்தின் மேல் நிற்கிறார், காலடி இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷையர் பக்கம், ஏனென்றால் அதை வரையச் சொன்னதாகக் கருதப்படும் சர் ஹென்றி லீயின் வீடு அங்கே டிச்லியில் இருந்தது. கணுக்கால் வரை பாவாடை உயர்ந்து காலணி தெரிவதையும், மேல்சட்டை நீளமான கூர்முனையாக இறங்குவதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பத்தாண்டின் அடையாளங்கள் அவை.

ஒரே உடை என்று நாம் நினைப்பது உண்மையில் தனித்தனித் துண்டுகள். சட்டைக்கை தனி, மார்புத் தட்டு தனி, பாவாடை தனி. எல்லாவற்றையும் நாடாவும் குண்டூசியும் வைத்துத் தினமும் உடம்பின் மேல் சேர்த்தார்கள். அதனால் ஒரே சட்டைக்கை வேறு வேறு உடையோடு வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆண்களின் உடை

ஆண்களின் உடையைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அதில் உடம்பின் வடிவத்தையே மாற்றிக்கொண்டே போகிறார்கள். 1537-இல் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி ஒரு சதுரம்: பெருத்த தோள், விரித்து நிற்கும் கால், அகலமான முனை கொண்ட காலணி, தட்டையான தொப்பி. அந்தச் சுவர் 1698 தீயில் அழிந்தது, லிவர்பூல் வாக்கர் கேலரியில் இருக்கும் பழைய நகலைப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் கோட்பீஸ் என்ற துண்டும் அந்தக் காலத்து அடையாளம். அது நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மறைந்துவிட்டது, ஆகவே 1590-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் படத்தில் அது பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

1550, 60-களில் ஸ்பானிய பாணியில் காலர் உயர்ந்து, தொடையைச் சுற்றிப் பூசணிக்காய் போல உப்பிய கால்சட்டை வருகிறது. 1575-லிருந்து 1590 வரை இன்னும் வேடிக்கை: டப்லட் என்ற இறுக்கமான மேல்சட்டைக்குள் பஞ்சு அடைத்து, வயிறு முன்னால் பட்டாணிக்காய் வளைவது போல இறங்குகிறது, கால்சட்டையோ சுருங்கி இடுப்போடு நின்று கால் முழுக்கத் தெரிகிறது. நிக்கலஸ் ஹில்லியார்ட் வரைந்த, ரோஜாச் செடிகளுக்கு நடுவே மரத்தில் சாய்ந்து நிற்கும் இளைஞனின் சிற்றோவியத்தை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் தளத்தில் தேடுங்கள். வயிறு, கால், கழுத்து மூன்றுமே 1580-களைச் சொல்கின்றன. காலுறையையும் கவனியுங்கள். பின்னிய காலுறை காலோடு ஒட்டி நிற்கும், துணியில் வெட்டித் தைத்தது சுருங்கும். வில்லியம் லீ என்பவர் 1589-இல் நாட்டிங்ஹாம்ஷையரில் காலுறை பின்னும் எந்திரத்தையே கண்டுபிடித்தார், அந்த அளவுக்குக் கால் முக்கியமாகிவிட்டது. காலணியில் பெரிய ரிப்பன் ரோஜாக்கள் பூத்திருந்தால் நீங்கள் எலிசபெத்துக்கு அடுத்து வந்த ஜேம்ஸ் அரசரின் காலத்துக்கு வந்துவிட்டீர்கள். வில்லியம் லார்கின் 1613-இல் வரைந்த டோர்செட் பிரபு ரிச்சர்ட் சாக்வில்லின் படம் அதற்கு நல்ல சான்று. அவருடைய உடைகளின் பட்டியல்கூட இன்றும் இருக்கிறது.

நிறத்தில் அவசரப்படாதீர்கள்

கறுப்பு உடையைப் பார்த்து எளிமை, துக்கம், ஆடம்பரத்தை வெறுத்த தூய்மைவாதக் கிறிஸ்தவர் என்று முடிவு கட்டுவது மிகவும் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். ஆழமான, வெளுக்காத கறுப்பைச் சாயத்தில் கொண்டுவருவது கஷ்டம், அதனால் அது விலை உயர்ந்த நிறம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள், கறுப்புக்குள்ளேயே வெல்வெட் பூக்களும் சாட்டின் கோடுகளும் வெளிவரும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து வந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள், அது எலிசபெத்தின் சொந்த வண்ணம். 1588-இல் வரைந்த, அரசவையில் இருந்த வால்டர் ராலேயின் படத்தில் கறுப்பு வெள்ளை உடையும் முத்தும் நிறைந்திருப்பது அரசிக்குத் தெரியும்படியான விசுவாச அறிவிப்பு.

இன்னொரு எச்சரிக்கை, வண்ணமே மாறியிருக்கலாம். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் 1575 வாக்கிலான டார்ன்லி படத்தில் எலிசபெத்தின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும், உடைப் பூவேலை பழுப்பாக இருக்கும். ஆய்வு செய்து பார்த்தபோது, முகத்தில் இருந்த சிவப்பு வண்ணம் காலத்தில் மங்கிப்போனதும், அந்தப் பழுப்பு ஒரு காலத்தில் செக்கச்சிவப்பாக இருந்ததும் தெரிந்தது. அரசி ஈயப் பூச்சு பூசி வெளுத்தே இருந்தார் என்று நாம் நம்புவதில் இப்படி மங்கிய படங்களுக்கும் பங்கு உண்டு.

யார் எதை உடுத்தலாம் என்று சட்டமே இருந்தது. 1574-ஆம் ஆண்டு அரசாணைப்படி ஊதாப் பட்டு, தங்க இழைத் துணி, சேபிள் என்ற மென்மயிர் எல்லாம் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும்தான், கீழே வரவர வெல்வெட், சாட்டின் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை. ஆனால் இதை ஒரு பூட்டு போல நம்பிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஆணை போட வேண்டியிருந்ததே மக்கள் மீறினார்கள் என்பதைக் காட்டுகிறது, 1604-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1599-இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி எழுதுகிறார்: பிரபுக்கள் சாகும்போது நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப்போகிறார்கள், அவற்றை அவர்கள் உடுத்த முடியாது என்பதால் நாடக நடிகர்களுக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். ஆக, நாடக மேடையில் ராஜாவாக நின்றவரின் மேலங்கி நிஜப் பிரபுவின் மேலங்கியாகவே இருந்திருக்கும்.

எழுத்தும் நகையும்

படத்தின் மேல் மூலையில் லத்தீனில் ஆண்டும் வயதும் இருக்கும். ஏட்டாடிஸ் சுவே (தன் வயதில்) என்று போட்டு 24 என்றிருந்தால், கண்டிப்பான பொருளில் 24 நடக்கிறது, 23 முடிந்திருக்கிறது. ஆண்டிலும் ஒரு சிக்கல் உண்டு: இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான், ஆகவே அவர்கள் 1587 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1588. எழுத்துகள் சில படங்களில் பிற்காலத்தில் சேர்த்தவையாகவும் இருக்கும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒருவரின் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். ஹான்ஸ் இவொர்த் 1559-இல் வரைந்த இரட்டைப் படம் ஒன்றை, ஃபிரான்சிஸ் பிராண்டன் என்ற சீமாட்டியும் அவருடைய இரண்டாம் கணவரும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதில் எழுதியிருந்த 36, 21 என்ற வயதுகள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. பெண்ணின் விரலில் இருந்த மோதிரமும் சேர்ந்து, அது மேரி நெவில் என்ற தாயும் அவருடைய மகனும் என்று காட்டிக்கொடுத்தது. அதே போல 1545 வாக்கிலான முழு உருவப் படம் ஒன்று பல காலம், ஒன்பதே நாள் அரசியாக இருந்த ஜேன் கிரே என்ற பெயரில் இருந்தது. மார்பில் குத்தியிருக்கும் கிரீட வடிவ நகை எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பாரின் நகைப் பட்டியலோடு ஒத்துப்போனதால் 1996-இல் பெயர் மாறியது. ஒரு புரூச்! பெரிதாக்கிப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சாதாரண மக்களை எங்கே தேடுவது

உருவப்படங்களில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லை. ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருக்கும், 1569-70 வாக்கில் பெர்மண்ட்ஸி விழாவைக் காட்டும் ஓவியத்தில் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நிஜத் துணி வேண்டும் என்றால் போர்ட்ஸ்மத் போங்கள், அல்லது மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலுக்கான மியூசியத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள்: 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கிய அந்தக் கப்பலில் மாலுமிகளின் தோல் மேல்சட்டையும் காலணியும் அப்படியே கிடைத்தன. இவர்களுக்குக் கம்பளியும் முரட்டு லினனும்தான். 1571 சட்டம் ஒன்று, பிரபுக்களும் கனவான்களும் போன்ற சிலரைத் தவிர ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் விழா நாளும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்றது. கம்பளித் தொழிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது.

பருத்தியைக் காணோமே என்று நமக்குத் தோன்றும். பூப்போட்ட இந்தியப் பருத்தித் துணி அங்கே பெருமளவில் போனது அடுத்த நூற்றாண்டில்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் சாசனம் கொடுத்ததே 1600 டிசம்பர் 31-இல், சோழமண்டலக் கரையின் துணிகள் கப்பலேறியது அதற்கும் அப்புறம். ஆகவே 1580-இல் நடக்கும் திரைப்படத்தில் ஒரு பெண் பூப்போட்ட பருத்தி உடையில் வந்தால் அது தவறு. முதுகில் நாடா கோக்கும் ஓட்டைகளுக்கு உலோக வளையம் தெரிந்தால் அதுவும் தவறு, அப்போது ஓட்டையைச் சுற்றி நூலால்தான் தைத்தார்கள்.

நீங்கள் சொன்ன காலமும் மியூசியம் சொல்லும் காலமும் ஒத்துப்போகவில்லை என்றால், படம் நகலா என்று முதலில் பாருங்கள். பணக்கார வீடுகளின் நீண்ட கூடங்களில் மாட்டுவதற்காக 1590-களில் பழைய அரசர்களின் படங்களை வரிசையாக வரைந்து வாங்கினார்கள். அதில் எட்டாம் ஹென்றியின் உடை 1530-களைச் சேர்ந்ததாக இருக்கும், வண்ணம் 1590-களைச் சேர்ந்ததாக இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மியூசியங்கள் ஓக் பலகையின் மர வளையங்களை எண்ணி, மரம் எந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது என்று கணக்கிடுகின்றன. நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி தளத்தில் ட்யூடர் படங்கள் பலவற்றுக்கு இந்தப் பலகை ஆய்வும் வண்ண ஆய்வும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். நீங்களே ஒரு காலத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.